நாக்கில் ஒட்டிய எலும்பு

சிலர் கோபம் வந்தால் சத்தம் போடுவார்கள். எனக்கு வாயடைத்துவிடும். அப்படி வாயடைத்துப் போய் சென்ற வருடம் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவருக்குத் திடீரென்று டைனோசர் ஆசை பிடித்தது. கொழும்பில் ஒரு வியாபாரி டைனோசரின் முள்ளந்தண்டு எலும்பு விற்கிறாராம். ஆபிரிக்கப் பாலைவனத்தில் தோண்டியெடுத்ததாம், கல்லாகிப் போனதாம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பழைய மாணவர் வாங்கித் தரத் தயார். குடாநாட்டில் வேறு எந்தப் பாடசாலையிலும் இல்லாத பொருள் என்பதுதான் தலைவருக்கு முக்கியம்.

"ரீச்சர், நீங்கள் ஒருக்காப் பார்த்து, ஓம் உது டைனோசர்தான் எண்டு எழுதித் தந்தால் காணும்" என்றார்.

அவருக்கு அது போதும். என் கையெழுத்தோடு ஒரு பொய் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறினால், நான் ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தானே படிக்கப்போகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது தாவரவியல். எலும்பைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது என்று அன்றே சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. இணையத்தில் தேடி நாலு விஷயம் குறித்து வைத்துக்கொண்டேன். அதில் ஒன்று, நாக்கை வைத்துப் பார்ப்பது. எலும்பில் நுண்ணிய துளைகள் இருப்பதால் நாக்கு ஒட்டும், வெறுங்கல்லில் ஒட்டாது.

வியாபாரி எலும்பைக் கொண்டுவந்து ஆய்வுகூட மேசையில் வைத்தார். ஆட்டுக்கல் பருமன், இரண்டு முகமும் தட்டை, தேயிலைச் சாய நிறம். பக்கத்தில் முத்திரை குத்திய ஒரு தாளையும் விரித்தார். தலைவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன், துளைகள் தெரிந்தன. குனிந்து நாக்கை வைத்தேன். ஒட்டியது. தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. நானும் பேனையை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ஆய்வுகூட உதவியாளர் குடுவை கழுவுவதை நிறுத்திவிட்டு வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண், மயிலிட்டியில் கடற்றொழில் செய்யும் குடும்பம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எலும்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் தூக்கினார். அது உண்மையிலேயே கல்லாகியிருந்தால் அசைக்கவே மூச்சு வாங்கும். நக்கிப் பார்த்த எனக்கு அதைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

"ரீச்சர், உது திமிங்கிலத்தின்ரை முள்ளந்தண்டு. எங்கடை வீட்டு முத்தத்திலை ரெண்டு கிடந்தது. அப்பா அதிலை குந்தியிருந்துதான் கிழிஞ்ச வலை பொத்துறவர். பக்கத்திலை செட்டை மாதிரி நீண்டிருக்கும். உதிலை வாளாலை அரிஞ்சு போட்டினம், இஞ்சை பாருங்கோ."

பார்த்தேன். சாயம் பூசியிருந்தும், மரம் அரியும் வாளின் பல் போன தடம் தெரிந்தது.

தலைவர் அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. "உனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்? போய்த் தேத்தண்ணியைப் போடு. படிச்ச ஆக்கள் கதைக்கட்டும்" என்றார்.

என்னை நீங்கள் என்பவர், என்னைவிட மூத்த பெண்ணை நீ என்றார். ஏன் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடற்கரை ஆட்கள் மீனைக் கொண்டுவந்து தந்தால் போதும், வாய் திறக்கக்கூடாது என்கிற திமிர். படித்தவர்கள், பெரியவர்கள், கோயில் காரியம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தத் திமிர் இருக்கிறது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா தேத்தண்ணி போடப் போனார்.

கோபத்தை எலும்பில் காட்டினேன். ஸ்பிரிட் விளக்கில் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, வாள் தடத்தில் குத்தினேன். தலைமயிர் கருகும் நாற்றம் கிளம்பியது. கல்லானால் அப்படி நாறாது.

"உது கல்லாகேல்லை. திமிங்கிலத்தின்ரை முள்ளந்தண்டு. பக்கத்திலை செட்டை மாதிரி நீண்டிருந்ததை வாளாலை அரிஞ்சு போட்டினம்" என்றேன். அக்காவின் சொற்களைத்தான் அப்படியே ஒப்பித்தேன்.

வியாபாரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். தலைவரும் உடனே நம்பிவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் குப்பையாக இருந்த வசனம் என் வாயால் வந்ததும் விஞ்ஞானமாகிவிட்டது. "படிச்ச பிள்ளை பக்கத்திலை இருந்ததாலை தப்பினம்" என்றார். பரிசளிப்பு விழாவில் இதைப் பற்றி நான் பேசவேண்டும் என்றும் சொன்னார். அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றார். முதலில் சொன்னது இவர்தான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. நான் தலைவருக்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்கத் தலைவரைத் திட்டிக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டினேன். உடுவில் ஊரைத் தாண்டும்போது திட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் அக்காவின் சொல்லைத் தள்ளிவிட்டார். நான் அதை எடுத்து என் பெயரில் போட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் வேலையாக ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

"அக்கா, நேற்று நான் உங்களைத்தான் சொல்லியிருக்கோணும். பிழை விட்டிட்டன். விழாவிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

அவர் குடுவையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேண்டாம் ரீச்சர். நான் சொன்னதுதான் சரியெண்டு நீங்கள் அப்ப சொல்லியிருந்தால், அந்த மனிசன் வீம்புக்கெண்டாலும் உந்த எலும்பை வாங்கியிருப்பார்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.