அரியர் வைத்தவன்

கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் நான் வீட்டிலும் இல்லை, சாதாரண ஹாஸ்டலிலும் இல்லை. மதுரை கே.கே. நகரில் ஒரு அறக்கட்டளை நடத்திய இல்லத்தில் இருந்தேன். உடம்பில் ஏதாவது ஒரு சிரமத்தோடு கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கான வீடு அது. எனக்கு வலிப்பு. மாத்திரையோ தூக்கமோ தவறினால் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவேன். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் அப்பா என்னை அங்கே கொண்டுவந்து விட்டார்.

என் அறையில் இருந்தவன் மதுரைக்காரன். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் வீடு. ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

"சொந்த ஊர்லயே எதுக்கு மாப்ள ஹாஸ்டல்?" என்று வந்த அன்றே கேட்டேன்.

"எங்க வீடு ரெண்டாவது மாடி. ஒருநா வந்து அந்தப் படியப் பாரு, அப்புறம் கேளு" என்று சிரித்தான்.

அவனுக்குத் தசைச் சிதைவு நோய். சின்ன வயதில் ஓடி விளையாடியவன்தான். பிறகு சுவரைப் பிடித்து நடந்தான், பிறகு ஆளைப் பிடித்து நடந்தான், கல்லூரியில் சேரும்போது சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். பிளஸ் டூ முடிக்கும்வரை அவன் அப்பாதான் தினமும் தூக்கி இறக்கியிருக்கிறார். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற மனிதர். அவருடைய இடுப்பு ஒருநாள் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் இந்த இல்லத்தைத் தேடி வந்திருக்கிறார்கள்.

இல்லத்தில் வாசல்படி கிடையாது, சரிவாகப் பூசிய பாதை. குளியலறை நாற்காலியோடு உள்ளே போகிற அளவுக்கு அகலம். அவனைத் தூக்கிக் குளிப்பாட்ட, உடை மாற்ற ஒரு அண்ணன் இருந்தார். சாயங்காலம் அவன் அம்மா போன் செய்வார். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்கிற இடம் மட்டும் குரலை வைத்தே தெரிந்துவிடும்.

நாங்கள் இருவரும் பி.காம்., ஒரே வகுப்பு. நான் வகுப்பு முடிந்ததும் ஆட்டோவைத் தேடுகிற ஆள். அவன் அப்படி இல்லை. கேன்டீன் பக்கத்துப் புங்கமரத்தடியில் அவன் நாற்காலி நின்றால் சுற்றிலும் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். காதல் பஞ்சாயத்து, கிரிக்கெட் சண்டை எல்லாம் அவனிடம்தான் வரும். பரீட்சை நெருங்கினால் அதே இடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் சொல்லி விளங்காத காஸ்ட் அக்கவுண்டிங் எங்களுக்கெல்லாம் அங்கேதான் விளங்கியது.

அவனுடைய சிக்கல் தெம்பு. காலையில் முகம் மலர்ந்து கிளம்புவான். நாலு மணிக்கெல்லாம் கழுத்து சாய்ந்துவிடும், டம்ளரைத் தூக்கக் கை வராது. இல்லத்துக்கு பிசியோதெரபி செய்ய ஒருவர் சாயங்காலம் வருவார். மரத்தடியில் உட்கார்ந்தால் அதற்குத் தெம்பு இருக்காது. அதற்காகத் தெம்பை மிச்சம் பிடித்தால் மரத்தடி கிடையாது. அவன் பெரும்பாலும் மரத்தடியைத்தான் எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமைதோறும் கவுன்சிலிங் மேடம் ஒருவர் இல்லத்துக்கு வருவார். எங்கள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர். "படிப்பு, சிநேகிதம், உடம்பு மூணும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும்ப்பா. நீ ஒண்ணுக்கே எல்லாத்தையும் கொடுத்துடுற" என்று அவனிடம் சொல்வார்.

"சமமாப் பங்கு போடுற அளவுக்கு எங்கிட்ட இல்லையே மேடம். இருக்கறது இம்புட்டு. அத எதுல போட்டா சந்தோஷமோ அதுல போடுறேன்" என்பான். மேடம் அவன் தோளைத் தட்டிவிட்டு என்னிடம் திரும்பி, நேரத்துக்குத் தூங்குகிறேனா என்று கேட்பார்.

இரண்டாம் வருஷம் துறை விழாவுக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குத் தானும் வருவேன் என்று நின்றான். அண்ணன் வேண்டாம் என்றார். "அண்ணே, பொறந்ததுலருந்து மதுரையில இருக்கேன், இன்னும் பூ மார்க்கெட்டப் பாத்ததில்லண்ணே" என்றான். அண்ணன் அதற்குமேல் தடுக்கவில்லை. விடிந்ததும் கிளம்பினோம். நெரிசலில் நாற்காலிக்கு வழி விடச் சொல்லி வியாபாரிகளே சத்தம் போட்டார்கள். ஈரச் சாக்கும் மிதிபட்ட பூவுமாகக் கிடந்த தரையில் நாங்கள் நாலு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மேலே உட்கார்ந்தபடி அவன் சம்பங்கிக்குப் பேரம் பேசினான். ஒரு அம்மா கை நிறைய மல்லிகையை அள்ளி அவன் மடியில் சும்மா போட்டார். அன்றைக்கு அவன் முகம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அடுத்த நாளே நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது பேனா பிடிக்கிற விரல் அவனுக்கு முழுதாக ஒத்துழைக்கவில்லை. அதன்பிறகு பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளை ஏற்பாடு செய்தார்கள். அப்போதும் மார்க் குறையவில்லை.

மூன்றாம் வருஷக் கடைசிப் பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்தது. நான் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். எங்கள் கூட்டம் மொத்தமும் காஸ்ட் அக்கவுண்டிங்கில் தேறிவிட்டது. சொல்லிக்கொடுத்தவன் மட்டும் ஃபெயில்.

மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. "அந்த மரத்தடிதான்ப்பா உன்னக் கெடுத்தது" என்று கண் கலங்கினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். மறுகூட்டலுக்குப் போடலாம் என்று நான் துடித்தேன். அன்று மத்தியானம் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கதவைச் சாத்தச் சொன்னான்.

"மறுகூட்டல்லாம் வேணாம் மாப்ள. சரியாத்தேன் போட்டுருக்காங்க."

"என்னடா சொல்ற? உனக்கு அந்தப் பேப்பர் மனப்பாடம்."

"எழுத வந்த பையங்கிட்ட, தெரியல, அடுத்த கேள்விக்குப் போன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவனே என்னையப் பாவமாப் பாத்தான்."

"ஏன்டா இப்படிப் பண்ண?" என்றேன்.

"படிப்பு முடிஞ்சா இந்த வீட்டக் காலி பண்ணணும்ல? காலி பண்ணா எங்க போவேன்? அந்த மாடிக்கு. ஏறிட்டா அம்புட்டுதேன் மாப்ள, அப்புறம் யார் என்னைய இறக்குவா? அப்பாவால முடியாது. ஒரு பேப்பர் நின்னா இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கலாம்னு நெனச்சேன்."

வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். "அவுங்ககிட்ட எப்படிடா சொல்றது, உங்ககிட்ட வர இஷ்டமில்லாம ஃபெயிலானேன்னு?" என்று சொல்லிவிட்டு அழுதான். வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட அவன் கை முகம் வரைக்கும் வரவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

அவனைக் கேட்டுக்கொண்டு மேடத்திடம் நானே விஷயத்தைச் சொன்னேன்.  அவர் நிர்வாகத்திடம் அவனுக்காக வாதாடினார். ஒரு செமஸ்டர் மட்டும் நீட்டித்தார்கள். அதற்குமேல் முடியாது, புதிதாக ஒரு பையன் அந்தக் கட்டிலுக்குக் காத்திருக்கிறான் என்றார்கள். அதுவும் நியாயம்தான். அந்தப் பையனுக்கும் ஏதோ ஒரு மாடிப்படி இருந்திருக்கும்.

அந்த ஆறு மாதமும் எங்களுக்குள் பேச்சு ஒன்றுதான், தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு. அவன் அப்பா கடை விட்டதும் தேடுவார். சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் எனக்குக் கணக்கெழுதுகிற வேலை கிடைத்து, பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நானும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெருத்தெருவாகக் கேட்டேன். கீழ் வீடு காலி இருந்தால் வாசலில் உயரமான படி இருக்கும். படி இல்லாவிட்டால் நாற்காலி நுழையாத கதவு இருக்கும். இரண்டும் சரியாக இருந்த ஒரு வீட்டுக்காரர், நோயாளி இருக்கிற வீடென்றால் யோசிக்கணும் என்றார்.

அந்த முறை அவன் பேப்பரை ஒழுங்காக எழுதினான். வகுப்பிலேயே யாரும் வாங்காத மார்க்.

காலி பண்ணிய அன்று இல்லத்து அண்ணனும் கூட வந்தார். சந்துக்குள் ஆட்டோ போகாது. முனையில் இறக்கி, அண்ணன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டார். படி செங்குத்தாக, ஒரு ஆள் மட்டும் ஏறுகிற அகலத்தில் இருந்தது. அவன் அப்பா பின்னாலேயே தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே வந்ததும் அவன் அம்மா மகன் வந்துவிட்ட சந்தோஷத்தில் அவன் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். அவனும் அம்மாவுக்காகச் சிரித்தான். கிளம்பும்போது "அடுத்த வாரம் வாரேன் மாப்ள" என்றேன். "ஏறி வா" என்றான்.

முதலில் நண்பர்கள் நிறையப் பேர் போனார்கள். வேலை, கல்யாணம், சென்னை, கோயமுத்தூர் என்று ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். போன் வரும். பிறகு பேசினால் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததால் அதுவும் குறைந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நாள் கணக்குக் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவன் குரல் தணிந்ததும் அவர்களும் வேறு டியூஷன் தேடிக்கொண்டார்கள்.

போன வருஷம் வில்லாபுரத்தில் ஒரு கீழ் வீடு கிடைத்தது. வாசலில் படி இல்லை, கதவும் அகலம். நாங்கள் தேடியதெல்லாம் அப்படியே இருந்தது. நான்தான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு அவனுக்குச் சொன்னேன். ஆனால் அதற்குள் அவனால் நாற்காலியில் உட்கார முடியாமல் போயிருந்தது. முதுகு வளைந்து, உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. நாலு பேர் பெட்ஷீட்டில் வைத்து அவனை அந்தச் சந்திலிருந்து வெளியே கொண்டுவந்தோம். வெயில் கண்ணில் பட்டதும் மூடிக்கொண்டான்.

இப்போது தெருப்பக்கத்து ஜன்னலோரம் அவன் கட்டில். மூச்சுக்கு ஒரு மெஷின். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். கடையில் நடந்ததைச் சொல்வேன். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பதில் சொல்வான். போன வாரம், "மாத்திர போட்டியா?" என்று கேட்டான். போட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். அவன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.