ஆளில்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க

டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊருக்குப் போகும் வழி தெரிகிறதோ இல்லையோ, ஊரார் என்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஒரு மேஜை, ஒரு டெலிபோன், வாசலில் இரண்டு வேன். முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பழனி, ஊட்டி, குருவாயூர் என்று ஓடிக்கொண்டிருந்த வேன்கள், ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு தண்ணீர் பார்க் திறந்ததும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சறுக்கு, ஊஞ்சல், ராட்டினம், அதற்கெல்லாம் மேலே மோட்டார் போட்டால் அலை அடிக்கும் ஒரு குளம். கோயமுத்தூர்க்காரனுக்குச் சிறுவாணித் தண்ணீர் உண்டு, கடல் கிடையாது. சனம் அலைமோதியது.

முழுப் பரீட்சை லீவில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, சறுக்குக்கு வெயிலில் வரிசையில் நின்று, நம் முறை வரும்போது "அப்பா, ஒண்ணுக்கு வருது" என்ற குரலைக் கேட்டு வரிசையை விட்டு வெளியே வந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் பாய் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: "கூட்டமில்லாத நாளில் கூட்டிச் செல்லப்படும்." போர்டு எழுதியது அவர். நாளைக் கண்டுபிடிக்க வேண்டியது நான். பஞ்சாங்கம், பள்ளிக்கூடப் பரீட்சை, மில் லீவு, பொள்ளாச்சிச் சந்தை, டிவியில் கிரிக்கெட் மேட்ச், இத்தனையையும் போட்டுக் குழப்பி ஒரு நாளைச் சொல்வேன். சில நாள் பலித்தது. பலிக்காத நாட்களில் டீ குடிக்கப் போய்விடுவேன்.

வீட்டிலிருந்து ஒரு கேள்வி

பார்க் போய் வந்தவர்கள் சொன்ன கதைகளை எல்லாம் வீட்டில் வந்து சரோஜாவிடம் சொல்வேன். சரோஜா என் மனைவி. உடுமலைப்பேட்டைக்காரி. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த பெரிய தண்ணீர் அமராவதி அணைதான். சறுக்கைப் பற்றிச் சொன்னால் காதில் வாங்க மாட்டாள். அலையைப் பற்றிச் சொன்னால் அரிந்துகொண்டிருக்கும் வெங்காயத்தை அப்படியே விட்டுவிடுவாள். காலைப் பிடித்து இழுக்குமா, முட்டி வரைக்கும் வருமா, சத்தம் எப்படி இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்பாள்.

"போலாமா சரோ?" என்று ஒருநாள் கேட்டேன். முகம் மலர்ந்தது, உடனே வாடியது. எங்களுக்குக் கல்யாணமாகி வருசம் பல ஆகியும் குழந்தை இல்லை. அவள் கல்யாண வீட்டுக்குப் போவதைக் குறைத்திருந்தாள். சீமந்தத்துக்குப் போவதை நிறுத்தியே விட்டாள். எங்கே போனாலும் யாராவது ஒருவர், கெட்ட எண்ணமே இல்லாமல், சிரித்த முகத்தோடு அதைத்தான் கேட்பார்கள். பார்க்கோ முழுக்க முழுக்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களின் இடம். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போலாமுங்க. அலையில நிக்கோணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா ஆளில்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க. கொழந்தைக எங்கீங்கன்னு கேக்க ஒருத்தரும் இருக்கக் கூடாது."

முன்னாடியே கிளம்பிய பை

பீளமேட்டிலிருந்து ஒரு நாயுடு குடும்பம். பெரியவர் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். "கூட்டத்தில என்னால நிக்க முடியாது" என்றார். செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, பள்ளிக்கூடத்தில் பரீட்சை, காக்காய்கூட வராது என்றேன். அஷ்டமி என்றதும் எழுந்து நின்றுவிட்டார். அஷ்டமியில் வாசப்படி தாண்டினால் விளங்குமா? தாண்ட மாட்டார்கள் என்பதால்தானே கூட்டம் இருக்காது என்று நான் சொன்னதை அவர் யோசித்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே துண்டுகள், மாற்றுத் துணி, தேங்காயெண்ணெய்ப் பாட்டில். பையை என் மேஜைக்கடியில் பயபக்தியோடு வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல நேரத்தில் மூட்டையை வேறொரு வீட்டில் முன்னாடியே வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நம் பெரியவர்கள் காசிக்குப் போவதற்காகச் செய்த ஏற்பாட்டை அவர் சறுக்கு விளையாடச் செய்தார். மறுநாள் அஷ்டமியில், இன்னும் பள்ளிக்கூடத்தில் சேராத பேரன் பேத்திகளோடு வேனில் ஏறும்போது பையை மடியில் வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பை நேத்தே கெளம்பிருச்சு தம்பி. நாங்க அதைத் தேடிக்கிட்டுத்தான் போறம்."

காய்ச்சல்

பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர் என் உதவியே இல்லாமல் நாள் குறித்துக்கொண்டு வந்தார். "வைகாசியில பெரிய முகூர்த்தம் பாருங்க. ஊரே கல்யாணத்துக்குப் போயிரும். பார்க்குல ஈ இருக்காது." எனக்கே தோன்றாத யோசனை. சிக்கல் என்னவென்றால், அன்றைக்கு அவருடைய பங்காளி மகளுக்கும் கல்யாணம். காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டுக் குடும்பத்தோடு வேனில் ஏறினார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தேன். அலைக்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். அலை ஓய்ந்ததும் எதிரே பார்த்தால், அதே கல்யாணத்துக்குப் போயிருக்க வேண்டிய பெரியப்பா மகன், அவரும் இடுப்பளவு தண்ணீரில். ஒருவரை ஒருவர் நலம் விசாரித்திருக்கிறார்கள். "அவனுக்கும் காய்ச்சலாமுங்க. ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள நின்னுட்டு, உடம்பைப் பாத்துக்கன்னு சொல்லீட்டு வந்தமுங்க."

இதைச் சரோஜாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அலை இடுப்பு வரைக்கும் வருதுங்களா?" என்று கேட்டாள்.

நீங்க போங்க

நான் சொன்ன நாள் அப்படியே பலித்த கதை இது. இரண்டே இரண்டு குடும்பம். ஒன்று எங்கள் வேனில் போனது, இன்னொன்று தாராபுரம் பக்கம். பார்க்கே அவர்களுடையது. அப்படியும் திரும்பி வந்து, "ஒரு தடவைதானுங்க சறுக்குல போனம்" என்று குறைபட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டிரைவர் ஆறுச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். சறுக்கின் உச்சியில் இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் போய் நின்றிருக்கிறது. "நீங்க போங்க" என்று இவர். "அட, நீங்க மொதல்ல போங்க" என்று அவர். "குட்டீசை வெச்சிருக்கறீங்க, நீங்க போங்க." "பெரியவிங்க இருக்கறப்ப நாங்க எப்படிங்க?" அப்புறம் எந்த ஊர், யார் வீடு, எந்தக் குலம் என்று பேச்சு வளர்ந்து, உச்சியிலேயே உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். ஆறுச்சாமி அலுப்போடு சொன்னான்: "கூட்டமே இல்லீங்ணா. மரியாதைதான் மேல போய் அடைச்சுட்டு நின்னுச்சு."

மேஜை மேல் ஒரு குழந்தை

போத்தனூரிலிருந்து ஒரு அம்மா மூன்று பிள்ளைகளோடு பதிவு செய்ய வந்தார். கைக்குழந்தையை என் மேஜைமேல் உட்கார வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் தேடி வாசலுக்கு ஓடினார். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் டெலிபோனை எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. விரலை விடுவித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பிடி எனக்குத் தெரிகிறது.

திரும்பி வந்த அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, பார்க் படம் போட்ட காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனம் நிறைந்த சிரிப்போடு ஒன்று சொன்னார். நான் அதற்கு ஆமாங்க என்றேன். சரோஜாவிடம் நான் சொல்லாத ஒரே ஆபீஸ் கதை இதுதான். அந்த அம்மா சொன்னது: "உங்க கொழந்தைக குடுத்து வெச்சதுக தம்பி. அப்பா கையிலயே கூட்டமில்லாத நாளெல்லாம் இருக்குது."

ஆளில்லாத நாள்

கடைசியில் சரோஜாவுக்கு ஒரு நாள் கிடைத்தது. காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வாரத்தின் நடுநாள். நவமி. வானம் மூடிக்கொண்டிருந்தது. பாய் லீவு கொடுத்துவிட்டு, வேனையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வேன் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்றாள் சரோஜா. தண்ணீரில் சேலை விலகாமலிருக்க அங்கங்கே ஊக்குக் குத்தியிருந்தாள். தக்காளிச் சோறு கட்டியிருந்தாள். பஸ் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்த விதம், பெண் பார்க்க உடுமலைக்குப் போனபோது நான் பார்த்த விதம்.

கேட்டில் டிக்கெட் கொடுத்தவர், "ரெண்டே பேருங்களா?" என்றார். சரோஜாவின் கை என் சட்டையைப் பிடித்தது. "இன்னிக்கு மொதல் ஆளே நீங்கதானுங்க" என்று அவர் சொல்லி முடித்ததும் பிடி தளர்ந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. என் தொழில் வாழ்க்கையில் அத்தனை சுத்தமாக நாள் பலித்ததே இல்லை. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அலைக்குளத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

குளம் அசையாமல் கிடந்தது. ஓரத்தில் ஒரு வேப்பிலை மிதந்தது. மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்து எழுந்தார். அலை எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் ஆளு சேரட்டுமுங்க. ரெண்டு பேருக்கெல்லாம் மோட்டார் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க. ஒரு வேன் வந்தாப் போதும், உடனே போட்டுப்போடறேன்." இதை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. நான் அனுப்பியவர்கள் எல்லாம் வேன் நிறையப் போனவர்கள்.

குளத்தின் ஓரத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் சரோஜா கேட்டைத் திரும்பிப் பார்ப்பாள். ஒரு தடவை நிஜமாகவே ஒரு வண்டி உள்ளே வந்தது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். கேண்டீனுக்கு இளநீர் கொண்டுவந்த வண்டி. "ஏனுங்க, ஸ்கூல் பஸ்சு ஏதாச்சும் வருமுங்களா?" என்று கேட்டாள். பரீட்சை சமயம், வராது என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தானே நாளைத் தேர்ந்தெடுத்தேன். வரலாம் என்றேன்.

யாரும் வந்துவிடக் கூடாது என்று ஊக்குக் குத்திக்கொண்டு வந்தவள், யாராவது வரமாட்டார்களா என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தக்காளிச் சோற்றைத் தின்றோம். மோட்டார்காரருக்கும் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, தப்பெல்லாம் தன் மேல்தான் என்பதுபோல் தள்ளிப் போய் உட்கார்ந்து தின்றார். மழை தூற ஆரம்பித்தது. சரோஜா குனிந்து உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளினாள். சின்னதாக ஒன்று எழும்பி, சிமெண்டு ஓரத்தில் முட்டி, அடங்கியது. மறுபடியும் தள்ளினாள். போலாம் என்று நான் சொல்லும்வரை தள்ளிக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. உக்கடம் குளம் ஜன்னலில் தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள்: "அடுத்த வாட்டி நல்ல கூட்டமா இருக்கற நாளாப் பாத்துச் சொல்லுங்க. கேக்கறவிங்க கேட்டுட்டுப் போறாங்க, நானும் இல்லீங்கன்னு சொல்லீட்டு அலையில நின்னுக்கறேன்."

வருகிறவருக்கெல்லாம் காக்காய்கூட வராத நாளைக் கண்டுபிடித்துக் கொடுத்த நான், சொந்த வீட்டம்மாவுக்கு முழுப் பரீட்சை லீவின் நட்டநடு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன் என்று தெரிந்திருந்தால் பாய் அந்தப் போர்டை அன்றைக்கே கழற்றியிருப்பார்.