செல்லக்கனி சிரித்த படம்

பட்டமளிப்பு விழா முடிந்து தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கண் விழித்தபோது எதிர் சீட்டுக்காரர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். மடியில் பட்டம், காதில் இயர்போன், வாயைப் பிளந்து தூங்குகிறேன்.

“இருக்கட்டுமா தம்பி, அழிச்சிரட்டா?”

“அழிச்சிருங்கண்ணே. நேரா உக்காருதேன், இன்னொண்ணு எடுங்க.”

“அதுக்கு ஸ்டுடியோவுக்குப் போ,” என்று சொல்லி, என் கண்முன்னாலேயே அழித்தார். அவர்தான் ரெனிஷ். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சுற்ற ஆரம்பித்தேன்.

சொல்லாமல் எடுப்பார், எடுத்ததும் காட்டுவார், வேண்டாமென்றால் அழித்துவிடுவார். மீன் கூடையில் க்யூஆர் அட்டை, துறைமுக லாரியின் நிழலில் செல்போனில் கிரிக்கெட் பார்க்கும் டிரைவர். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எடுத்தால் அது நம் ஊரே இல்லை என்பார்.

உப்பளத்தில் உப்பு வாரும் செல்லக்கனி அக்கா வீடியோ காலில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். மகள் என்ன சொன்னாளோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரெனிஷ் எடுத்துக் காட்டினார்.

“போனு தெரியுதா? எம்மவ வாங்கித் தந்தது. அப்ப இருக்கட்டும்.”

ரெனிஷின் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து போட்டிகளுக்கு அனுப்புவது சிவப்பிரகாஷ், கல்லூரியில் அவரோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அனுப்பும் முன் ரெனிஷ் ஒருநாளும் பார்த்ததில்லை. செல்லக்கனி அக்கா படத்திலிருந்து போனை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, ‘வற்றாத கண்ணீர்’ என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டான். பரிசு கிடைத்தது. வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது.

ரெனிஷ் கேட்டதற்கு அவன் சொன்னான்: “ஏலே, போன வச்சா எவன்லே நின்னு பாப்பான்? உம்பேரத்தானலே போட்டுருக்கேன்.”

“அந்தக்கா சிரிச்சாவலே.”

“பாக்கவனுக்குத் தெரியவா போவுது?”

மறுநாள் முழுப் படத்தை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனோம். செல்லக்கனி அக்கா வேலையை நிறுத்தவில்லை.

“எம்மவ போன் போட்டு அழுதா. எம்மா, எனக்குத் தெரியாம என்ன கஷ்டம்னு கேட்டா. சிரிச்சேம்னா நம்ப மாட்டேங்கா. ஒன்ன நம்பித்தான இருக்கட்டும்னேன்?”

ரெனிஷ் கேமராவை நீட்டினார். “இதுல போனு இருக்குக்கா. இத மவளுக்கு அனுப்புதேன்.”

“ஊரே அத பாத்துட்டு. இனிமே இது எதுக்கு? அழிச்சிரு.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெனிஷ் அழித்தார். வெட்டிய படம் மட்டும் இன்னும் சுற்றுகிறது.

ரெனிஷ் இப்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிறார்.