கண்மாய்க்குள் ஒரு ரோடு

மேப் காட்டிய வழியில் கண்ணை மூடிக்கொண்டு போகிறவரா நீங்கள்? போன வாரம் வரை நானும் அப்படித்தான்.

கால்நடை டாக்டர் ராஜேந்திரன் என் நண்பர். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் காரில் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு போன். ஆவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சகாயமேரி என்ற பெண். கன்று வெளியே வர முடியாமல் அவருடைய பசு காலையிலிருந்து துடிக்கிறதாம். "எங்ககிட்ட இருக்கிறது ஒத்த மாடுங்க... சீக்கிரம் வாங்க சார்!"

டாக்டர் தன் போனில் ஒரு மேப் ஆப் வைத்திருக்கிறார். இலுப்பூரில் நாலைந்து பேர் சேர்ந்து, வேலை போக மிச்ச நேரத்தில் தாங்களே எழுதியது. ஓப்பன் சோர்ஸ் — யாரும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். அது ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? கண்மாய்க் கரையில்! எதிரே முழுக்கத் தண்ணீர். மேப்பிலோ அதற்கு நடுவே நேராக ஒரு ரோடு.

எதிர்க்கரையில் நின்று சகாயமேரி கத்தினார். "சுத்தி வந்தா அரை மணி நேரம் ஆகுமுங்க! எறங்கி வாங்க, முழங்கால் தண்ணிதான். அங்கிட்டு போயிராதீங்க, பள்ளம்! இங்கிட்டு... இங்கிட்டு வாங்க!"

டாக்டர் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நான். எனக்கு நீச்சல் தெரியாது. ஒவ்வோர் அடிக்கும் அந்த ஆப்காரர்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

முக்கால் மணி நேரப் போராட்டம். கன்று வெளியே வந்தது — அசைவே இல்லை. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்து, தேய்த்து... ஒரு தும்மல்! சகாயமேரி அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

ஆனாலும் கோபம் போகவில்லை. ஆப்பில் இருந்த நம்பருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். எடுத்தவர் செல்வி, இலுப்பூர் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வேலை பார்க்கிறவர். நடந்ததையெல்லாம் சொல்லிப் பொரிந்து தள்ளினேன்.

"மன்னிச்சிருங்க சார். நாந்தான் அதை வரைஞ்சேன். வைகாசியில வண்டில போனப்ப கண்மா காஞ்சு கெடந்துச்சு. எல்லாரும் அதுக்குள்ளதான் போனாங்க. மழை பேஞ்சா என்னாகும்னு யோசிக்கவே இல்ல. அந்த அக்காகிட்ட போனைக் குடுக்கிறீங்களா?"

இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். எந்தக் கண்மாயில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எங்கே வண்டி போகும்... சகாயமேரி சொல்லச் சொல்ல, அங்கே செல்வி எழுதிக்கொண்டிருந்தார்.

சாம்பாரில் உப்பு இல்லை என்று வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'நாளைக்கு நீங்களே வையுங்கள்' என்று பதில் வரும். இந்த ஆப்காரர்கள் சொல்வதும் அதேதான். ஆனால் கோபமில்லாமல், நிஜமாகவே கரண்டியைக் கையில் கொடுக்கிறார்கள்!

நேற்று அந்த ஆப்பை என் போனிலும் போட்டுத் திறந்தேன். அந்தக் கண்மாய் வழியில் சிவப்புக் கோடு — 'மழைக்காலத்தில் போக வேண்டாம்'. உருவாக்கியவர்கள் பட்டியலில் புதிதாக, சகாயமேரி. உடனே அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"அட போங்க சார், எனக்கு என்ன தெரியும்! கன்னுக்குட்டி என்னா துள்ளு துள்ளுது தெரியுமா?" என்று சிரித்தார்.

அவர் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. 'தவறைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி' என்று போட்டு, என் பெயர்.

இத்தனை வயதில், திட்டியதற்கு நன்றி வாங்கியது இதுதான் முதல் தடவை!