பிசாசின் பெயரில் போன அறுப்பு

ஹெர்ட்ஃபோர்டு பக்கம் எங்கள் ஊர் அறுப்புக் கூட்டத்துக்கு ஆம்ப்ரோஸ் டஃப்னல்தான் தலைவன். கூலி பேசுவதும் அவனே, பீர் குடிக்க எப்போது உட்காரலாம் என்று சொல்வதும் அவனே.

1678 ஆகஸ்டில் கெம்ப் என்ற பண்ணைக்காரர் கூலியைக் குறைக்கப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் மசியவில்லை.

"உனக்குக் கூலி குடுக்கிறதுக்குப் பதிலா பிசாசே வந்து அறுத்துட்டுப் போகட்டும்" என்று ஊர் கேட்கத் திட்டி விரட்டினார் கெம்ப்.

அன்று மாலை சுழற்காற்று. கெம்ப்பின் ஓட்ஸ் ஐந்து இடங்களில் வட்டமாகச் சுருண்டு படுத்துவிட்டது. ஈரமண்ணில் கிடந்தால் இரண்டே நாளில் கதிர் முளைவிட்டு வீணாகிவிடும். ஆம்ப்ரோஸுக்கு மனசு கேட்கவில்லை. விடியும்போதே மனைவியின் தம்பி நத்தானியேலை எழுப்பினான்.

"நாயை வெரட்டுற மாதிரி வெரட்டினாரே மாமா?"

"வெரட்டினது அவரு. ஓட்ஸ் என்னடா பண்ணுச்சு?"

படுத்த பயிரை நேர்வரிசையில் அறுத்தால் அரிவாள் வழுக்கும். தண்டு சாய்ந்திருக்கும் போக்கிலேயே சுற்றி வர வேண்டும். அப்படியே மூன்று வட்டங்களை அறுத்தார்கள். பேரம் முடியாத வயலில் தலைவனே இறங்கினான் என்று கூட்டத்துக்குத் தெரியக் கூடாதே என்று, வெயில் ஏறுமுன் வீடு திரும்பினார்கள்.

பிசாசே வந்து அறுத்துவிட்டது, தன் வாக்குப் பலித்துவிட்டது என்று கெம்ப் ஊரைக் கூட்டினார். ஆம்ப்ரோஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பும் நின்றது. பிசாசை ஏவியவனே அவன்தான் என்று கெம்ப் பேச ஆரம்பித்திருந்தார். ஊர்ப் பாதிரியார் அவனை விசாரணைக்கு அழைத்தார்.

"நான்தாங்க அறுத்தேன்" என்றான் ஆம்ப்ரோஸ்.

"கூலி இல்லாமயா? நீயா?" என்றார் கெம்ப். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மச்சானைக் கேளுங்க. கூடவே நின்னான்."

நத்தானியேல் கையிலிருந்த தொப்பியைத் திருகினான். "எனக்கு அன்னிக்கு வயித்து வலிங்க. படுத்துக் கெடந்தேன்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா."

"என்னை எதுக்கு மாமா இழுக்குறீங்க? செஞ்சது நீங்க."

படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். வயலோ கூப்பிடு தூரத்தில்தான். இரண்டு வட்டங்கள் அறுபடாமல் இன்னும் கிடந்தன. அவன் கையில் அரிவாளைக் கொடுத்து, "அதை அறுத்துக் காட்டு" என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பிசாசுக்கு அறுக்கத் தெரியும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். ஒரு கூலிக்காரனுக்கு அவ்வளவு நன்றாக அறுக்க வரும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

திங்கட்கிழமை கெம்ப்பின் கோதுமையில் அறுப்பு தொடங்கியது. அவர் சொன்ன குறைந்த கூலிக்கே கூட்டம் இறங்கியது. புதுத் தலைவன் நத்தானியேல். விசாரணைக்கு முந்தின நாளே கெம்ப்பும் அவனும் பேசி முடித்திருந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் அன்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். மனைவி ஜூடித் எதிரே வந்து நின்றாள்.

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான். அன்னிக்கு விடியக்காலையில நீங்க எங்க போயிருந்தீங்க?"

அவன் எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அதன்பின் பதினோரு வருடம் வாய்க்கால் வெட்டிப் பிழைத்தான். அறுப்புக்கு அவனை எந்தப் பண்ணையும் கூப்பிடவில்லை.