எந்த முகத்துக்கும் ஒரு அகப்பை

காசை முதலில் கல்லில் போட்டுச் சத்தம் கேட்பாள். ‘ணங்’ என்றால் அகப்பை பானைக்குள் போகும். ‘பொத்’ என்றால் கள்ளக்காசு, வந்த வழியே பறக்கும். ரோமாபுரியின் சுபுராத் தெருவில் கொண்டைக்கடலை அவித்து விற்கும் பெட்டிலியாவுக்கு ஐம்பது வயது, மேலுதட்டில் லேசாக மீசை, ஊர் கேட்கும் தொண்டை. ஒரு அஸ், அதாவது ஒரு சின்ன வெண்கலக் காசுக்கு ஒரு கிண்ணம்; மேலே மீன்சாறு இரண்டு சொட்டு. மூன்றாவது சொட்டு கேட்டால் முப்பாட்டன் வரை வசவு.

எதிரே மூத்திரத் தொட்டியில் ஊறவைத்துத் துணி வெளுக்கும் எனக்கும் அவளுக்கும் பத்து வருஷச் சண்டை. “உன் தொட்டி மூத்திர நாத்தத்துல என் கடலைக்கு உப்பே வேண்டாம்யா!” என்பாள். ஆனாலும் எனக்கு மத்தியானச் சாப்பாடு அவளிடம்தான்.

போன மாதம் சக்கரவர்த்தி செத்தான். அவன் மேலிருந்த வெறுப்பில் செனட் சபை அவன் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து கொத்தி எடுத்தது. சிலைகளுக்குத் தலை போயிற்று. அவன் முகம் போட்ட வெண்கலக் காசை யாரும் வாங்கக் கூடாதென்று சந்தை அதிகாரி தண்டோரா போட வைத்தார். ரொட்டிக்கடை மறுத்தது, ஒயின்கடையும் மறுத்தது. ஆற்றுத்துறை மூட்டைக்காரர்கள் கூலியாக வாங்கி வைத்திருந்ததெல்லாம் அந்த முகம்தான். பாவிகள், முதுகொடியச் சுமந்துவிட்டுப் பட்டினி கிடந்தார்கள்.

பெட்டிலியா மட்டும் வாங்கினாள். “நான் என்ன மூஞ்சியவா அவிச்சு விக்கிறேன்? காஸ்டர் சாமி சத்தியமா, அவன் உசுரோட இருக்கும்போதே அந்த மூஞ்சி எனக்கு ஆகாது. அதுக்கு வெண்கலம் என்னய்யா பாவம் பண்ணுச்சு? இவங்க முதுகு என்ன பாவம் பண்ணுச்சு?”

நேற்று அதிகாரியின் ஆள் தடியோடு வந்து நின்றான். “இன்னும் ஒரே ஒரு காசு வாங்கிப் பாரு. பானை தெருவுல, கடை எங்க கையில.”

அந்தப் பானையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. வரிசையில் முதலில் நின்ற மூட்டைக்காரன் கார்ப்பஸ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். “வேண்டாம்க்கா. என்னால உனக்கு எதுக்கு வம்பு? நான் போறேன்.”

“நில்றா!”

அவன் கையிலிருந்து காசைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் புடைத்தது. கிண்ணத்தை நிரப்பி அவன் கையில் திணித்தாள்.

“துப்புடி!” என்று தடிக்காரன் கத்தினான். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

பெட்டிலியா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அகப்பையைப் பானைக்குள் விட்டு, மற்ற கையை வரிசையில் அடுத்து நின்றவனிடம் நீட்டினாள்.