அண்ணன் வயலுக்கான முறை

என் அண்ணனை ஓர் இடத்தில் உட்கார வைத்தவர் யாரும் கிடையாது. இதய ஆபரேஷனுக்காக டெல்லி ஜனக்புரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே, குளித்த ஈரம் காயாமல் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். காதில் போன். "இப்ப யாரு முறை? அவன் மடைய அடைச்சாச்சா இல்லையா?" என்று மூன்றாம் மாடியிலிருந்து அவர் போட்ட சத்தத்தில், எதிர் ஃபிளாட் பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்தாள். சண்டையெல்லாம் இல்லை, விவசாயம்தான் என்று நான் இந்தியில் விளக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வருவதே பெரும்பாடு. வந்ததைப் பங்கு போடுவது அதைவிடப் பெரும்பாடு. வாலிப வயதிலிருந்தே அண்ணன்தான் வயலுக்கு வயல் முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பார். சம்பளமில்லாத வேலை. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு அவராகவே ஒரு சட்டம் போட்டிருந்தார்: முறை வைப்பவனுடைய வயலுக்குத் தண்ணீர் கடைசியில்தான் பாய வேண்டும். ஊரே நனைந்த பிறகு அவர் வயல். சில வருஷம் அதற்குள் வாய்க்கால் வற்றிவிடும். அண்ணி இருந்தவரை திட்டித் தீர்த்தாள். பிள்ளை குட்டியும் இல்லாத மனுஷர் ஊருக்கு உழைத்து என்னத்தைக் கண்டார் என்று டெல்லியில் இருந்தபடி நானும் பொருமுவேன்.

ஆபரேஷனைத் தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்குமோ, அதுவரை அந்த இதயம் தாங்குமோ தாங்காதோ. அண்ணனுக்கோ வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிற நேரத்தில் தான் இங்கே கிடப்பதுதான் கவலை. "தண்ணி கடைசி வரைக்கும் ஏறட்டும் பாப்பா. அப்புறமா வந்து அறுத்துக்கிறேன்." தலை நரைத்துப்போன எனக்கு அவர் வாயில் இன்னமும் பாப்பா என்றுதான் பெயர்.

அட்மிட் ஆவதற்கு முதல் நாள் காலை ஆளைக் காணோம். ஆடி மாசப் புழுக்கத்தில், மழைத்தண்ணீர் தேங்கிய சாலையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தேடினேன். மெட்ரோ வாசலில் தோளில் துணிப்பையோடு நின்று ஓர் ஆட்டோக்காரரிடம், "பையா, ஸ்டேஷன், மெட்ராஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "செத்துத் தொலையணும்னே கிளம்பிட்டியா?" என்று நடுரோட்டில் கத்தினேன். கூடவே திரும்பி வந்தார். ஆனால் நாளைக்கு மறுபடியும் கிளம்பிவிட்டால்? அடுப்பைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருந்தேன். வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன்.

சாயங்காலம் ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அண்ணனுடைய வயல். வரப்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "நம்ம வயலுக்கே வந்துடுச்சா" என்றார். நடையை நிறுத்தினார். சாதம் போடச் சொல்லிச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கிவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு போன். ஊரிலிருந்து பக்கத்து வயல்காரர். முறைக்காக வருஷா வருஷம் அண்ணனோடு மல்லுக்கு நிற்கிற ஆள். "தங்கச்சி, அண்ணன்கிட்ட சொல்லிப்புடாத. இங்க பாதி வயலுக்குக்கூடத் தண்ணி வரல. எல்லாருமா பேசி அவரு வயலுக்கு மட்டும் முதல்ல திருப்பி விட்டோம். அதைப் பாத்தாத்தான் அவரு ஆஸ்பத்திரிக்குப் போவாரு" என்றார். அவருடைய வயலும் காய்ந்துதான் கிடக்கிறதாம்.

அதோடு அண்ணனின் நடை எனக்குத் தொற்றிக்கொண்டது. சொன்னால் ரயிலேறிவிடுவார். சொல்லாமல் விட்டு, ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால், ஒரு பொய்யை நம்பிப் போனவராகிவிடுவார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவும் இல்லை. "பைட் ஜாயியே" என்று உட்காரச் சொல்லிச் சொல்லிக் காவலாளிக்கே அலுத்துவிட்டது.

பிழைத்துக்கொண்டார். இன்னும் சில வருஷம் ஊர்த் தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்று, பேச முடிந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு: "நம்ம வரப்பை வெட்டி அந்தத் தண்ணியப் பக்கத்து வயலுக்கு விடச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? படத்துல வரப்புக்கு அந்தாண்ட பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. எனக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்த?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல ஒரு விஷயத்துக்காவது எல்லாரும் ஒத்துப் போயிருக்கானுவளா பாப்பா? நான் பொழைக்கணும்னு ஒத்துப் போயிருக்கானுவ. அதைப் போயி நான் எப்படிக் கெடுக்கிறது?"

அடக்க முடியாமல் அழுதேன்.

"அழுவறத அப்புறம் வச்சுக்க. போனைப் போடு" என்றார்.